தடுப்பூசிகளில் கனிமத் துணைப்பொருள்கள்

1926இல் இங்கிலாந்தில் கிளெனி என்பார் தொண்டைக்கரப்பான் தடுப்புமருந்தைப் படிகாரத்தால் வீழ்படிவாக்கிக் கினிப்பன்றிகளுக்கு ஏற்றியபோது அவற்றின் நிர்ப்பீடனம் வலுத்தது. அன்றுதொட்டு அலுமினிய உப்புக்களே இத்துறையிற் கோலோச்சுகின்றன. இவை பிறபொருளெதிரிகளைப் பெருக்குவன. ஆயின் கலவழி நிர்ப்பீடனத்தைத் தூண்டுவதில் வலிமை குறைந்தவை. ஊசியேற்றிய இடத்திற் சிலருக்குச் சிறு கட்டி தோன்றுவதுமுண்டு. பாரிசிலுள்ள பாஸ்ரர் நிறுவனத்தில் றெலிவெல்ட் உருவாக்கிய கல்சியம் பொசுபேற்றோ எம் எலும்புக் கனிமத்தின் இனத்தது. ஒவ்வாமைக்குரிய பிறபொருளெதிரிகளைக் குறைவாகவே தூண்டுவது. பிரான்சில் வழங்கிய அதன் இடத்தை 1980களின் இறுதியில் அலுமினியம் பிடித்துக்கொண்டது. இதனை அலுமினியத்தின் மேன்மைக்குச் சான்றெனக் கொள்ளல் பொருந்தாது. எனினும், உடலுக்கு உறவான பொருள் என்பதனால் மட்டும் கல்சியத்தை உயர்த்துவதையும் நாம் ஏற்கோம். 12 இலட்சம் டென்மார்க் குழந்தைகளை ஆராய்ந்து 2025இல் வெளிவந்த ஆய்வு, அலுமினியத்தால் நாட்பட்ட நோய்கள் கூடியதாகக் காணவில்லை. அத்துணை விரிவான பதிவு கல்சியத்துக்கு இல்லை.