முட்டை ஓடும் தாஜ்மகாலும்

வீட்டில் ஆம்லெட் போட்டதும் முட்டை ஓட்டைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள். கழுவி எடுத்து, அதன்மேல் எலுமிச்சைச் சாற்றைச் சொட்டுச் சொட்டாக விடுங்கள். கொஞ்சம் பொறுத்து உற்றுப் பாருங்கள். பொடிப்பொடியாகக் குமிழிகள் தெரிகின்றனவா? ஓட்டில் இருக்கும் கால்சியம் கார்பனேட்டைச் சாற்றின் அமிலம் கரைக்கிறது. அப்போது வெளியேறும் கரியமில வாயுதான் அந்தக் குமிழிகள்.

ஆக்ராவில் யமுனைக் கரையில் நிற்கிறதே தாஜ்மகால், அதன் பளிங்கும் இதே கால்சியம் கார்பனேட்தான்!

1631-ல் புர்ஹான்பூரில், 14-வது குழந்தையைப் பெற்றெடுத்தபோது அரசி மும்தாஜ் இறந்துபோனார். அவருடைய கணவர், முகலாயப் பேரரசர் ஷாஜகானால் அந்தத் துயரத்தைத் தாங்க முடியவில்லை. அடுத்த ஆண்டே மும்தாஜுக்காக இந்தக் கல்லறை மாளிகை எழத் தொடங்கியது. தோட்டம், மசூதி, வாயில் என எல்லாம் முடிய 20 ஆண்டுகளுக்கு மேல் ஆனது.

ஆற்றங்கரை மண்ணோ இளகல் மண். அவ்வளவு பாரத்தை அது எப்படித் தாங்கும்? வரிசையாகக் கிணறுகள் தோண்டி, கல்லையும் சுண்ணாம்புக் காரையையும் கொட்டி நிரப்பி, அவற்றின்மேல் கட்டினார்கள். நான்கு மினார்களும் வெளிப்பக்கம் சற்றே சாய்ந்திருக்கும். நிலநடுக்கத்தில் விழுந்தாலும் கல்லறைமேல் விழக்கூடாது என்ற முன்யோசனை என்கிறார்கள். எனக்கு மிகவும் பிடித்த விஷயம் இது.

கட்டடத்தின் உட்பகுதி செங்கல். மேலே போர்த்தியிருக்கும் வெள்ளைப் பளிங்கு ராஜஸ்தானின் மக்ரானாவிலிருந்து வந்தது. பல கோடி ஆண்டுகளுக்கு முன் கடலடியில் படிந்த சுண்ணாம்பு, பூமிக்குள் புதைந்து, வெப்பத்திலும் அழுத்தத்திலும் வெந்து பளிங்கானது. அதன் படிகங்கள் ஒன்றோடொன்று இறுகக் கோத்திருக்கும். ஆனாலும் கருங்கல்லைவிட மென்மையானது. அதனால்தான் பளிங்கைப் பூவிதழ் வடிவில் குடைந்து, அந்தப் பள்ளத்தில் ஆப்கானிஸ்தானத்து நீல நிறக் கல்லைத் துல்லியமாகப் பொருத்த முடிந்தது.

இருட்டறையில் டார்ச் விளக்கை விரல்களுக்கு அடியில் பிடித்துப் பாருங்கள், விரல் சிவப்பாக ஒளிரும். வெளிச்சம் தோலுக்குள் புகுந்து சிதறி வெளியே வருவதுதான் காரணம். பளிங்கிலும் அப்படியே. ஒளி கொஞ்சம் உள்ளே போய், படிகங்களில் பட்டுச் சிதறித் திரும்புகிறது. விடியலில் இளஞ்சிவப்பு, நிலவொளியில் பால் வெள்ளை என்று வானத்தின் நிறமெல்லாம் தாஜ்மகாலுக்கு வந்துவிடுகிறது.

அந்த வெள்ளைக்கு இப்போது ஆபத்து. தொழிற்சாலைப் புகையிலுள்ள கந்தக டை ஆக்சைடு ஈரத்தோடு சேர்ந்தால் அமிலமாகும். எலுமிச்சைச் சாறு முட்டை ஓட்டுக்குச் செய்ததை இது பளிங்குக்குச் செய்யும். கரிப்புகையும் தூசியும் படிந்து மஞ்சள் நிறமும் ஏறுகிறது. அதற்கு இந்தியத் தொல்லியல் துறை செய்யும் வைத்தியம் என்ன தெரியுமா? அக்கா முகத்தில் பூசுகிறாளே, அதே முல்தானி மிட்டி! குழைத்துச் சுவரில் அப்பிக் காயவிட்டால், களிமண் அழுக்கை உறிஞ்சிக்கொள்ளும். பிறகு கழுவிவிடுவார்கள்.

1996-ல் உச்ச நீதிமன்றம், சுற்றுவட்டாரத் தொழிற்சாலைகள் நிலக்கரி எரிப்பதை நிறுத்தி எரிவாயுவுக்கு மாற வேண்டும், இல்லையேல் இடம் மாற வேண்டும் என்று உத்தரவிட்டது. பெட்ரோல், டீசல் வண்டிகளும் அருகில் போக முடியாது. தாஜ்மகாலைப் பார்க்க வருகிறவர்கள் கடைசித் தொலைவைப் பேட்டரி வண்டியில் கடக்கிறார்கள், அல்லது நடந்தே போகிறார்கள்.