சாடி விளக்கான கதை

பத்தொன்பதாம் நூற்றாண்டுப் பாரிஸ் நகரிலே, செல்வந்தர் வீட்டு வரவேற்பறையில் கீழைத்தேயச் சாடி ஒன்று இருப்பது நாகரிகம். கீழைத்தேயச் சாடி என்கிறோம். ஆனால் அவற்றுட் பல கீழைத்தேயத்தைக் கண்டதே இல்லை. அல்சாஸில் 1823 இல் பிறந்த தியோடோர் டெக் என்ற கலைஞர், பதினாறாம் நூற்றாண்டுத் துருக்கியின் இஸ்னிக் நகர்க் கலங்களை முன்மாதிரியாகக் கொண்டு பாரிஸிலேயே சூளை வைத்துச் சுட்டெடுத்தவை அவை. அவற்றின் பசுநீல மெருகு இன்றும் 'டெக் நீலம்' என்றே வழங்குகிறது.

அக்கால ஐரோப்பியர் இஸ்னிக் கலங்களைப் பாரசீகத்தவை என்றனர். ரோட்ஸ் தீவினவை என்றும் சொன்னார்கள். ஊரைப் பிழையாகச் சொல்லிக்கொண்டே அழகை எடுத்துக்கொண்டார்கள்! எட்வேர்ட் செயித் 1978 இல் எழுதிய நூலைப் படித்த நேயர்களுக்கு இது வியப்பளிக்காது. ஆயினும் டெக்கை வெறும் போலிக்காரர் என்று தள்ளிவிட முடியவில்லை. பழைய மெருகுகளைத் தேடிக் கண்ட மனிதர், தமது முறைகளை 1887 இல் நூலாகவே வெளியிட்டார்.

இனி விளக்குக்கு வருவோம். அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் 1859 இல் எண்ணெய்க் கிணறு தோண்டப்பட்ட பின்னர் மண்ணெண்ணெய் மலிந்தது. விளக்குச் செய்வோர் சாடிக்கு வெண்கலப் பாதம் பூட்டினர். அதன் வாய்க்குள் எண்ணெய்க் கலத்தை இறக்கினர். மேலே கண்ணாடிச் சிமினியை வைத்தனர். எண்ணெய்க் கலத்தைத் தூக்கிவிட்டால் சாடி மீண்டும் சாடிதான். அதற்கு ஒரு கீறலும் இல்லை.

மின்சாரம் வந்ததும் நிலைமை மாறியது. மின்குமிழுக்கு வயர் வேண்டும். வயருக்கு வழி வேண்டும். அடியிலே துளையிட்டார்கள். அந்தத் துளையை எவராலும் மீட்டுத் தர முடியாது. சேகரிப்போர் அத்தகைய சாடிக்கு விலையைக் குறைத்தே கேட்பர். துளையிட்டவரை நாமும் ஏசலாம். ஆனால் விளக்காக மேசைமேல் நின்றதனாலேயே உடையாமல் தப்பிய சாடிகளும் உண்டல்லவா?

இஸ்னிக் குயவரும் விளக்குச் செய்தவர்களே. எருசலேமின் பாறைக் குவிமாடத்துக்குரிய, 1549 ஆம் ஆண்டு பொறித்த மட்கல விளக்கு ஒன்று பிரித்தானிய நூதனசாலையில் உள்ளது. அதுவும் பார்வைக்குச் சாடிதான். கண்ணாடி போலன்றி, அதன் உடலினூடாக ஒளி கசியாது.

பழைய சாடி விளக்கொன்று உங்கள் கைக்கு வந்தால், முதலில் அடியைத் திருப்பிப் பாருங்கள். துளையின் விளிம்பிலே மெருகு வழிந்திருந்தால் அது சூளைக்குப் போகுமுன்பே இட்ட துளை. விளக்காகவே பிறந்த கலம். விளிம்பு வெறும் மண்ணாய்ச் சொரசொரத்தால் பின்னாளில் துளைத்தது.