ஊமையான கணனியும் ஒரு இலட்சத்து அறுபதாயிரமும்

கொட்டாஞ்சேனையில் ஜெம்பட்டா வீதிக்குப் பக்கத்தில் இருக்கும் என் கடையில் ஒரு பழைய கணனி இருக்கிறது. 2004இல் பம்பலப்பிட்டி யுனிட்டி பிளாசாவில் வாங்கியது. பெண்டியம் 4, விண்டோஸ் எக்ஸ்.பி. மகன் கடைக்கு வரும்போதெல்லாம், "வாப்பா, இத பழைய இரும்புக்காரனுக்குக் குடுங்க" என்று சொல்லத் தவறுவதில்லை. நான் கொடுக்கவில்லை. காரணம் இரண்டு. என் கடன் கணக்கு, சாமான் இருப்பு எல்லாம் அதில் உள்ள பழைய புரோகிராமில்தான் ஓடுகிறது. இரண்டாவது காரணம் கெசட்.

வாசகர்களில் வயதானவர்களுக்கு நினைவிருக்கும். எண்பதுகளில் நம்மவர்கள் சவூதிக்கும் குவைத்துக்கும் பஹ்ரைனுக்கும் போனபோது, வீட்டுக்குத் தொலைபேசி எடுப்பது இலேசான காரியமாக இருக்கவில்லை. எழுத நேரமில்லாதவர்களும் எழுத்து வராதவர்களும் கெசட்டில் பேசி, ஊருக்கு வருகிறவர் கையில் கொடுத்தனுப்புவார்கள். வீட்டில் எல்லோரும் சுற்றியிருந்து கேட்டுவிட்டு, மறுபக்கத்தில் தாங்களும் பேசித் திருப்பியனுப்புவார்கள். அந்தக் கெசட்கள் இன்று பல வீடுகளில் அலுமாரி மூலையில் கிடக்கின்றன. அவற்றைக் கணனியில் ஏற்றி, பென் டிரைவில் போட்டுக் கொடுப்பது என் பக்க வியாபாரம். இலாபம் பெரிதாக இல்லை. ஆனால் தேடி வருகிறார்கள்.

இந்தத் தொழிலுக்குத் தேவையானவை ஒரு நல்ல டெக், ஒரு வயர், கணனியில் நீல நிறத் துவாரமுள்ள ஒரு சவுண்ட் கார்ட். 1999இல் வந்த பொது ஒழுங்கின்படி பச்சை ஸ்பீக்கருக்கு, இளஞ்சிவப்பு மைக்குக்கு, நீலம் வெளியிலிருந்து சத்தம் உள்ளே வருவதற்கு. இப்போது வரும் பெரும்பாலான லெப்டொப்களில் அந்த நீலத் துவாரம் இல்லை. பழையதை நான் விடாததற்கு அதுவும் ஒரு காரணம்.

சென்ற வருடம் மருதானையிலிருந்து ஒரு தாத்தா பதினொரு கெசட் கொண்டுவந்தார். மௌத்தான கணவர் பஹ்ரைனிலிருந்து பேசி அனுப்பியவை. மகள் குடும்பத்தோடு லண்டன் போகிறார், அதற்கு முன் வேண்டும் என்றார். முற்பணமும் தந்தார். ஏழு கெசட் ஏற்றி முடித்தேன். அதில் இரண்டு ஏற்றிய கையோடு டெக்கில் சிக்கி நாடா கசங்கிப் போனது. நாற்பது வருடத்து நாடா வேறு எப்படி இருக்கும்? எட்டாவது பாதியில் ஓடிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் போய் வந்தது. பிறகு கணனி எழும்பியது, சத்தம் எழும்பவில்லை.

முதலில் செய்ய வேண்டியதைச் செய்தேன். ஸ்பீக்கரைக் கழற்றி என் கைத்தொலைபேசியில் செருகினேன். பாடியது. ஆகவே ஸ்பீக்கரில் பிழையில்லை. இது ஒரு நிமிட வேலை. இதைச் செய்யாமல் கணனியைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறவர்கள் நூற்றுக்குத் தொண்ணூறு பேர். அடுத்து சத்தக் குறியில் மியூட் விழுந்திருக்கிறதா என்று பார்த்தேன். குறியே மறைந்திருந்தது. அதற்கு மேல் எனக்குத் தெரியவில்லை.

திருத்தும் கடை ஒன்றுக்குக் கொண்டுபோனேன். பெயர் வேண்டாம். அங்கிருந்த தம்பி கார்ட்டைக் கழற்றி வைத்தார். மதர்போர்டிலேயே இருக்கும் சவுண்டை பயோஸில் திறந்தார், அதற்குரிய டிரைவரையும் போட்டார். அதிலும் சத்தம் வரவில்லை. "ஹாஜியார், போர்ட் முடிஞ்சிச்சு. ஒருக்கா போர்மட் பண்ணிப் பாப்போம். சரிவராட்டி புதுசு எடுங்க. ஒரு இலட்சத்து அறுபதாயிரத்துக்கு நல்ல மெசின் இருக்கு" என்றார். பார்த்ததற்கு ஆயிரத்து ஐந்நூறு.

வாய் தவறி "சரி, பண்ணுங்க" என்று சொல்லியிருப்பேன். அப்போதுதான் ஏழு கெசட் ஞாபகம் வந்தது. போர்மட் என்றால் ஹார்ட் டிஸ்க்கில் உள்ளதை அழித்துவிட்டுப் புதிதாகத் தொடங்குவது. என் கடன் புத்தகம் போனால் எழுதிய துண்டுகளை வைத்து ஓரளவு மீட்கலாம். கசங்கிய இரண்டு நாடாவில் இருந்த அந்த மனிதரின் குரலை எங்கே போய் மீட்பது? வேறு பிரதி இல்லை. என் முட்டாள்தனம், நான் எடுத்து வைக்கவில்லை. கணனியைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்துவிட்டேன்.

வெள்ளவத்தையில் காலி வீதிக்கு உள்ளே ஒரு வீட்டு மாடியில் பழைய கணனி பார்க்கும் ஒரு தம்பி இருப்பதாக ஒரு சிநேகிதர் சொன்னார். யாழ்ப்பாணத்துப் பிள்ளை, பேச்சு குறைவு. கணனியைத் திறப்பதற்கு முன் அவர் கேட்ட முதல் கேள்வி, "நானா, இதுக்குள்ள என்ன இருக்கு? கொப்பி எடுத்து வச்சிருக்கிறியளோ?" என்பது. இல்லை என்றேன். ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி, யுஎஸ்பி வயர் ஒன்றில் மாட்டி, எல்லாவற்றையும் வேறு டிஸ்க் ஒன்றுக்கு எடுத்த பிறகுதான் மற்ற வேலையைத் தொட்டார். ஒரு மணித்தியாலம் போனது. என் மனம் லேசானது அப்போதுதான்.

பிறகு மதர்போர்டில் உள்ள சிறிய தகர டப்பி போன்ற கப்பாசிட்டர்களின் தலையைப் பார்த்தார். 1999 முதல் 2007 வரையான காலத்தில் வந்த போர்ட்கள் பலவற்றில் தரமற்ற கப்பாசிட்டர்கள் சேர்ந்துவிட்டன. தலை வீங்கி, கசிந்து, போர்ட்டையே கொன்றுவிடும். உலகம் முழுக்கப் பெரிய கொம்பனிகளே அடிபட்ட விடயம் இது. என்னுடையது தட்டையாக இருந்தது. "இது நல்லாயிருக்கு" என்றார்.

அடுத்து அவர் காட்டியதைப் பார்த்து எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. முன்பக்கத்து ஹெட்போன் துவாரத்துக்கு மதர்போர்டில் பத்துக் கால்கள் கொண்ட ஓர் இடம் இருக்கிறது. அந்தக் காலத்து ஏசி 97 வகைப் போர்ட்கள் பலவற்றில் சத்தம் முதலில் முன்பக்கம் போய்த்தான் பின்பக்கம் திரும்பி வரும். முன்பக்க வயர் மாட்டாவிட்டால் 5ஆம் காலையும் 6ஆம் காலையும், 9ஆம் காலையும் 10ஆம் காலையும் சிறிய ஜம்பர் மூடியால் இணைக்க வேண்டும். இல்லாவிட்டால் பின்பக்கம் ஊமை. சில வருடத்துக்கு முன் நான் கேசிங் மாற்றியபோது வயரும் மாட்டவில்லை, ஜம்பரும் போடவில்லை. கார்ட் வேலை செய்ததால் யாருக்கும் தெரியவில்லை. தம்பி ஒரு செத்த ஹார்ட் டிஸ்க்கிலிருந்து இரண்டு ஜம்பரைப் பிடுங்கிப் போட்டார். போர்டின் சவுண்ட் பாடியது! முடிந்ததாகச் சொல்லப்பட்ட போர்ட்டுக்கு ஒன்றுமே இல்லை. (2004இல் இன்டெல் கொண்டுவந்த புதிய முறையில் இந்த ஜம்பர் தொல்லை இல்லை.)

ஆனால் போர்டின் சவுண்டில் கெசட் ஏற்றினால் அடியில் ஓர் இரைச்சல். கார்ட்தான் வேண்டும். மின்சார வயரை முழுதாகக் கழற்றச் சொன்னார். சுவிட்சை நிறுத்தினால் மட்டும் போதாது, அணைத்திருக்கும்போதும் போர்ட்டுக்குச் சிறிது மின்சாரம் ஓடிக்கொண்டிருக்கும். கேசிங்கின் தகரத்தைத் தொட்டுவிட்டுக் கார்ட்டை எடுத்தார். அதன் தங்கப் பற்கள் மங்கிக் கறுத்திருந்தன. துறைமுகப் பக்கத்து உப்புக் காற்று, இருபது வருடத்துப் புழுதி. கார்ட்டின் குற்றமில்லை. பென்சில் அழிக்கும் இறப்பரால் மெதுவாகத் தேய்த்து, தூளைத் தட்டி, பக்கத்துத் துவாரத்தில் அழுத்தி இருத்தினார். விண்டோஸ் உடனே புது உறுப்பு வந்ததாகச் சொன்னது.

இதில் ஒரு நுணுக்கம் சொன்னார், வியாபாரிகளுக்கு உதவும் என்று எழுதுகிறேன். டிவைஸ் மனேஜர் என்ற பட்டியலில் கார்ட் மஞ்சள் குறியோடு நின்றால் பெரும்பாலும் டிரைவர் கோளாறு, அதாவது மென்பொருள். பட்டியலில் பெயரே இல்லையென்றால் கார்ட் சரியாகத் தொடவில்லை, அல்லது செத்துவிட்டது, அல்லது பயோஸில் மூடப்பட்டிருக்கிறது. இரண்டும் வேறு வேறு வருத்தம், மருந்தும் வேறு. கார்ட் பட்டியலில் நல்லபடி இருந்தும் "ஒலிக் கருவி இல்லை" என்று எக்ஸ்.பி. சொன்னால், விண்டோஸ் ஓடியோ என்ற சேவை நின்றுபோயிருக்கலாம். ஒரு கிளிக்கில் ஓடும்.

கார்ட்டை வேறு துவாரத்தில் வைத்தால் எக்ஸ்.பி. அதைப் புதியதாக நினைத்து டிரைவர் கேட்கும். டிரைவர் டிஸ்க் என் மேசை இழுப்பறையில் பழைய பில்களுக்கு அடியில் இருந்தது. கிடைத்திராவிட்டால் கார்ட்டில் அச்சிட்டிருக்கும் மாதிரி இலக்கத்தைப் பார்த்துத் தேட வேண்டும். ஏனென்றால் சவுண்ட் பிளாஸ்டர் லைவ் என்ற ஒரே பெயரில் பல மாதிரிகள் வந்தன, ஒன்றின் டிரைவர் மற்றதற்குச் சேராது.

சவுண்ட் பிளாஸ்டர் பற்றி இந்தப் பத்தியில் இரண்டு வரி எழுதாமல் போக மனமில்லை. சிங்கப்பூரில் சிம் வொங் ஹூ என்ற இளைஞர் 1981இல் கூட்டாளி ஒருவரோடு பேர்ள்ஸ் சென்டரில் கணனி திருத்தும் சிறிய கடை ஒன்றை ஆரம்பித்தார். அதுதான் கிரியேட்டிவ் கொம்பனி. 1989இல் சவுண்ட் பிளாஸ்டர் வந்தது. பீப் பீப் என்று மட்டும் கத்திய கணனியைப் பாடவும் பேசவும் வைத்ததில் பெரும் பங்கு அதற்குண்டு. 1992இல் அமெரிக்காவின் நஸ்டாக் சந்தையில் பதிவாகிய முதல் சிங்கப்பூர் கொம்பனி அது. பிறகு சவுண்ட் மதர்போர்டுக்குள்ளேயே இலவசம் போல வரத் தொடங்க, தனிக் கார்ட் வியாபாரம் சுருங்கியது. அவர் 2023 ஜனவரியில் காலமானார். திருத்தும் கடையிலிருந்து எழும்பிய மனிதர். என்னைக் கவர்ந்த வியாபாரிகளில் ஒருவர்.

இனி என் கதை. ஸ்பீக்கரில் சத்தம் வந்தது, சந்தோஷமாக வீட்டுக்குப் போனேன். இரவு எட்டாவது கெசட்டைப் போட்டால் ரெக்கோர்டிங்கில் ஒன்றுமில்லை, நேர்கோடு. டெக்கை மாற்றினேன், வயரை மாற்றினேன். பன்னிரண்டு மணி. காலையில் தம்பிக்குப் போன் பண்ணினால் சிரிக்கிறார். புதிதாக டிரைவர் போட்டதும் ரெக்கோர்டிங் மைக்குக்கு மாறியிருந்தது. லைன் இன் என்ற கட்டத்தில் ஒரு அடையாளம் போட வேண்டும், அவ்வளவுதான்.

ஆயிரத்துச் சொச்சத்துக்கு விற்கும் யுஎஸ்பி சவுண்ட் குட்டி ஒன்று வாங்கினால் என்ன என்று கேட்பீர்கள். வெறும் சத்தம் கேட்பதற்கு அது போதும், கணனியைத் திறக்கவும் தேவையில்லை. நான் இன்னொரு கடைக்கு அதையே வாங்கச் சொன்னேன். ஆனால் மலிவானவற்றில் பெரும்பாலும் மைக் துவாரம் மட்டும்தான், அதுவும் ஒற்றைப் பக்கச் சத்தம். டெக்கை அதில் மாட்டினால் சத்தம் உடைந்து கரகரக்கும்.

தம்பி வாங்கியது மூவாயிரத்து ஐந்நூறு. இன்னொரு ஐந்நூறு வற்புறுத்திக் கொடுத்தேன். 2022 மார்ச்சில் ரூபா விழுந்து, டொலர் இருநூறிலிருந்து மே மாதத்துக்குள் முந்நூற்று அறுபதுக்குப் போனதைக் கண்ட நாம், இருப்பதைத் திருத்தி ஓட்டுவதை வெட்கமாக நினைக்க வேண்டியதில்லை. அந்த மார்ச் மாதக் கடைசியில் நாளுக்குப் பதின்மூன்று மணித்தியாலம் மின்வெட்டிலும் இந்த மெசின் தப்பியது. ஆனால் எக்ஸ்.பி.க்கு மைக்ரோசொப்ட் 2014 ஏப்ரல் 8இலேயே பாதுகாப்பை நிறுத்திவிட்டது. ஆகவே என்னுடையதில் இன்டர்நெட் வயர் கிடையாது, பேங்க் வேலையும் இல்லை. விண்டோஸ் 10க்கும் 2025 ஒக்டோபர் 14உடன் வழமையான ஆதரவு முடிந்தது. பல கடைகளில் அதுதான் ஓடுகிறது, அவர்களும் யோசிக்க வேண்டும். மதர்போர்ட் கப்பாசிட்டர் வீங்கியிருந்தால் நானும் புதியதுதான் எடுத்திருப்பேன்.

எட்டாவதும் மீதி மூன்றும் இரண்டு நாளில் முடிந்தன. இரண்டு பென் டிரைவில் போட்டு, என்னிடமும் ஒரு பிரதி வைத்தேன். தாத்தா வந்து மீதிப் பணத்தை எண்ணிக் கொடுத்தார். கசங்கிய இரண்டு கெசட்டையும் நான் குப்பையில் போட எடுத்தபோது கையை நீட்டினார்.

"அது ஓடாட்டியும் பரவாயில்ல நானா. உறையில அவர்ட எழுத்து இருக்கு, தாங்க" என்றார்.