கருகிய பம்பு மோட்டாரும் காயில் கட்டிய மாற்று மோட்டாரும்

அமராவதி நகர் அணையின் தண்ணீர் திருப்பூர், கரூர் ஆகிய இரு ஜில்லாக்களிலும் ஏறத்தாழ 55,000 ஏக்கர் நிலத்துக்கு உரியது. அணையின் நீர்மட்டம் 90 அடி. கொள்ளளவு சுமார் 4 டி.எம்.சி. ஆயினும் கால்வாயில் தண்ணீர் விடுவது சில நாள் திறப்பு, சில நாள் அடைப்பு என்ற முறையில் நடைபெறுவதால், அடைப்பு நாட்களில் பயிரைக் காப்பது கிணறேயாகும். அக்கிணற்றை நடத்துவது மோட்டார். மக்காச்சோளம் பூவெடுத்துக் கதிர் பிடிக்கும் தருணத்தில் மோட்டார் கருகிவிட்டால், நாலைந்து நாள் தாமதமும் விளைச்சலைப் பெரிதும் குறைத்துவிடும். ஆகவே நிலச்சொந்தக்காரர் மோட்டாரைக் கழற்றி வண்டியிலேற்றிக்கொண்டு பட்டறைக்கு விரைகிறார். அங்கே, "இதற்குக் காயில் கட்ட மூன்று நாள் ஆகுங்க, இதே குதிரைச் சக்தியில் கட்டி வைத்தது ஒன்று இருக்கிறது, பழையதை விட்டுவிட்டு மேற்கொண்டு பணம் கொடுத்து எடுத்துப் போங்க" என்று சொல்லப்படுகிறது. அவசரத்தில் முடியும் இந்தப் பேரத்தில் விவசாயிகள் எவற்றைக் கவனிக்க வேண்டும் என்பதே இங்கு விளக்கப்படுகிறது.

கொங்கு நாட்டுக் கிணறுகளில் முன்னாளில் மாடுகளும் கவலைச் சாலும் செய்த வேலையை இன்று இந்த யந்திரம் செய்கிறது. நீலகிரியில் பைக்காரா மின்நிலையம் 1932இல் வேலை தொடங்கிய பின்னரே கோயமுத்தூர்ச் சீமையின் தோட்டங்களுக்கு மின்சாரம் பரவலாயிற்று. இந்தியாவில் செய்யப்பட்ட முதல் மின்சார மோட்டார் என்று சொல்லப்படுவதை 1937இல் கோயமுத்தூரில் ஜி. டி. நாயுடுவும் டி. பாலசுந்தரம் நாயுடுவும் உருவாக்கினர். அதன் பின் அந்நகரில் பம்புத் தொழில் பெருகியது. அதன் நிழலிலே காயில் கட்டும் பட்டறைகளும் ஊருக்கு ஊர் ஏற்பட்டன. தோல் தும்பி கிழிந்தால் தைத்துக்கொண்டது போலவே மோட்டாரையும் கட்டிக்கொள்ளலாம் என்ற எண்ணம் விவசாயிகளிடம் இயல்பாய் அமைந்துவிட்டது. அவ்வெண்ணம் பிழையன்று. ஆனால் தும்பியின் தையல் கண்ணுக்குத் தெரியும். மோட்டாரின் தையல் தெரியாது.

மோட்டாரின் கூட்டுக்குள் மெல்லிய இரும்புத் தகடுகளை அடுக்கிச் செய்த ஸ்டேட்டரும், அதன் காடிகளில் செப்புக் கம்பியாலான காயில்களும், நடுவில் சுழலும் ரோட்டாரும் இருக்கின்றன. இரும்பு பல ஆண்டுகள் உழைக்கும். கம்பியின் மேலுள்ள எனாமல் பூச்சே முதலில் கெடும். மோட்டார் தாங்கக்கூடிய சூட்டுக்கு மேல் ஒவ்வொரு பத்து டிகிரி செல்சியஸ் ஏறும்போதும் அப்பூச்சின் ஆயுள் ஏறக்குறையப் பாதியாகும் என்பது பொதுக் கணக்கு. ஆகவே இரும்பு பழுதின்றி இருக்கும் மோட்டாருக்குப் புதுக் காயில் கட்டுவது முறையான சிக்கனமே. அமெரிக்க, பிரிட்டிஷ் மோட்டார்ப் பட்டறையாளர் சங்கங்கள் இரண்டும் கூடி நடத்தி 2003இல் வெளியிட்ட பரீட்சைகளில், ஒழுங்கான முறைப்படி காயில் கட்டிய மோட்டார்களின் திறன் அநேகமாய்ப் பழைய அளவிலேயே நின்றது. ஒழுங்கான முறைப்படி என்னும் சொல்லிலேதான் விஷயம் அடங்கியிருக்கிறது.

மாற்று மோட்டாரைப் பேசுமுன், பழையது ஏன் கருகிற்று என்பதைத் தெரிந்துகொள்வது அவசியம். காரணம் தோட்டத்திலேயே இருக்குமானால், எவ்வளவு நல்ல மோட்டாரைக் கொண்டுவந்து வைத்தாலும் அதுவும் அதே வழியில் போகும். ஆகையால் பழைய மோட்டாரைப் பட்டறையில் விட்டுவிட்டு வந்துவிடாமல், எதிரில் நின்று மூடியைத் திறக்கச் செய்து, காயிலின் நிறத்தை நேரில் பார்க்க வேண்டும். மூன்று பேஸ்களின் காயில்களும் ஒரே சீராய்க் கறுத்திருந்தால், மோட்டாரின் மேல் பாரம் மிகுந்தது, அல்லது வோல்டேஜ் குறைந்து நெடுநேரம் ஓடியது, அல்லது ரோட்டார் சுழலாமல் சிக்கி நின்றது என்று கொள்ளலாம். ஓரிடத்தில் மட்டும் வெடித்து, மற்றவை பளபளப்பாய் இருந்தால், அவ்விடத்தில் இன்சுலேஷன் பழுதுபட்டதோ, இடியின் அதிர்ச்சி தாக்கியதோ காரணமாகலாம். வட்டத்தைச் சுற்றிக் கறுப்பும் வெளுப்புமாய் மாறி மாறிக் காணப்பட்டால், ஒரு பேஸ் அறுந்து இரண்டிலேயே மோட்டார் ஓடியிருக்கிறது என்பது உறுதி. ஸ்டார் இணைப்பாயின் இரண்டு பேஸ்கள் கருகி ஒன்று பிழைத்திருக்கும். டெல்டா இணைப்பாயின் ஒன்று கருகி இரண்டு பிழைத்திருக்கும்.

இக்கடைசிக் கேட்டைப் பற்றிச் சற்று விரிவாய்ச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஓடிக்கொண்டிருக்கும் மோட்டாருக்கு ஒரு பேஸ் நின்றுவிட்டால் அது உடனே நிற்பதில்லை. அதே பாரத்தை இழுக்க மற்ற இரண்டு கம்பிகளிலும் கரன்ட் ஏறக்குறைய 1.73 மடங்காய் உயர்கிறது. நல்ல ஓவர்லோடு ரிலே இருந்தால் ஸ்டார்ட்டர் தானே விழுந்துவிடும். ஆனால் ரிலே அடிக்கடி விழுகிறதென்று அதன் முள்ளை மேலே திருப்பி வைப்பதும், சில இடங்களில் ரிலேயைத் தாண்டி ஒயரை நேரே இணைத்துவிடுவதும் நடைபெறுகின்றன. இதனினும் கேடான வழக்கம், இரண்டு பேஸ் மட்டும் வரும் வேளைகளில் கன்டென்சர் போட்டு மும்முனை மோட்டாரை ஓட்டுவதாகும். மூன்றாவது முனையில் கன்டென்சர் தரும் மின்சாரம் ஒழுங்கான பேஸாகாது. வோல்டேஜ் மூன்று முனைகளிலும் 3 சதவிகிதம் ஏறுமாறாய் இருந்தாலே மோட்டாரின் சூடு சுமார் 18 சதவிகிதம் கூடும். கன்டென்சரில் ஓடும் மோட்டாருக்கு ஏற்றத்தாழ்வு இதனினும் மிகுதி. முதல் நாளில் ஒன்றும் தெரியாது. பூச்சு மெல்ல உதிர்ந்து, ஒரு நாள் கருகல் வாடை வீசும். அப்போது பழி காயில் கட்டியவர் மேல் விழுகிறது.

இனி, பட்டறையில் கட்டி வைத்திருக்கும் மோட்டாரைப் பார்ப்போம். குதிரைச் சக்தி ஒன்றாயிருந்தால் போதாது. சுழற்சி வேகம், சாப்ட்டின் விட்டம், அடித்தளத் துளைகளின் இடைவெளி, ஸ்டார்-டெல்டா ஸ்டார்ட்டருக்கு வேண்டிய ஆறு முனைகள் ஆகியவையும் பொருந்த வேண்டும். பெயர்ப்பலகை இல்லாத மோட்டாரை வாங்குவதில்லை என்று உறுதி செய்துகொள்வது நன்று. பலகையில் கண்ட ஆம்பியரே பிற்பாடு எல்லாப் பரீட்சைக்கும் அளவுகோல். அது போய்விட்டால் ரிலேயை எங்கே நிறுத்துவதென்று ஒருவருக்கும் தெரியாது.

அடுத்து, பழைய கம்பியை எவ்வாறு எடுத்தார்கள் என்று கேட்க வேண்டும். வார்னிஷில் இறுகிய பழைய காயிலை இளக்குவதற்காக ஸ்டேட்டரைத் திறந்த நெருப்பில் போட்டு எரிப்பது விரைவான வழி. ஆனால் மிகவும் தவறானது. இரும்புத் தகடுகளுக்கு இடையிலுள்ள மெல்லிய பூச்சு அந்நெருப்பில் வெந்துபோனால், தகடுகள் ஒன்றோடொன்று ஒட்டி, மோட்டார் பாரமின்றி ஓடும்போதே சூடேறும். அளவறிந்த அடுப்பில் 370 டிகிரி செல்சியஸுக்கு மேற்படாமல் சுட்டு எடுப்பதே முறை. நீலம் பாய்ந்து, தகடுகள் விரிந்து நிற்கும் ஸ்டேட்டரை எவ்வளவு மலிவாய்க் கொடுத்தாலும் ஏற்கலாகாது.

கம்பியின் கனமும் சுற்றுகளின் எண்ணிக்கையும் பழைய அளவே இருக்க வேண்டும். நேர்மையான பட்டறைக்காரர் பழைய காயிலை அறுக்குமுன் கேஜையும் சுற்றுகளையும் குறித்து வைப்பார். கேட்டால் அந்நோட்டைக் காட்டுவார். மெல்லிய கம்பி சுற்றுவதும், செப்புக்குப் பதிலாய் அலுமினியம் சுற்றுவதும் மலிவுக்காகச் செய்யப்படுபவை. அலுமினியம் மின்சாரத்தைக் கடத்துவது செப்பில் சுமார் 61 சதவிகிதமே. அலுமினியத்துக்கென்றே அமைந்த மோட்டாரில் அது குற்றமன்று. செப்புக்காக அமைந்த காடியில் கனத்த அலுமினியக் கம்பி நுழையாது, மெல்லியதோ சூடேறும். இதைக் கண்டறிய எளிய வழி தராசு. அலுமினியத்தின் எடை அதே பருமனுள்ள செப்பில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு. தம் மோட்டாரையே கட்டக் கொடுப்பவர், எடுத்த கம்பியின் எடையையும் சுற்றிய கம்பியின் எடையையும் சீட்டில் எழுதி வாங்கலாம். பழைய செப்பு உடையவருக்கே சொந்தம் என்பதையும் மறக்க வேண்டாம்.

பின்னர் பட்டறையிலேயே மூன்று பரீட்சைகளைச் செய்து காட்டச் சொல்லலாம். கால்மணி நேரத்துக்கு மேல் ஆகாது. மெக்கர் என்னும் கருவியால் காயிலுக்கும் கூட்டுக்கும் இடையே மின்கசிவு இல்லையென்று பார்க்க வேண்டும். ஒரு மெக்ஓம் என்பது ஓட்டத்தக்க குறைந்த அளவாகச் சொல்லப்பட்டாலும், புதிதாய்க் கட்டி வார்னிஷ் நன்கு உலர்ந்த மோட்டார் அதனினும் பல மடங்கு காட்ட வேண்டும். மூன்று பேஸ்களின் மின்தடையும் ஒன்றுபோல் இருக்க வேண்டும். பாரமின்றி ஓடவிட்டு, மூன்று கம்பிகளிலும் கரன்டை அளந்தால் அநேகமாய்ச் சமமாய் இருக்க வேண்டும். அவ்வாறு ஓடும்போது பேரிங்கின் ஓசையைக் காதால் கேட்பதும், நிறுத்திய பின் சாப்ட்டைக் கையால் அசைத்துப் பார்ப்பதும் நன்று. பேரிங் பழையதாகவே விடப்பட்டு, காயில் மட்டும் புதிதானால், ரோட்டார் ஸ்டேட்டரை உராய்ந்து புதுக் காயிலையும் அறுத்துவிடும். மாற்று மோட்டார் என்பது காயில் மட்டுமன்று. பேரிங், சீல், கூலிங் விசிறி யாவும் சேர்ந்ததே.

ஆழ்துளைக் கிணற்றிலிறங்கும் சப்மெர்சிபிள் மோட்டாருக்கு விதி சற்று வேறு. தண்ணீர் நிரப்பும் வகையில் பிளாஸ்டிக் உறையிட்ட கம்பியே சுற்றப்படுகிறது. அவ்வுறை மிகுந்த சூட்டைத் தாங்காது. மோட்டாரைச் சுற்றிலும் தண்ணீர் ஓடிக்கொண்டிருப்பதே அதற்குக் குளிர்ச்சி. சேற்றில் புதைந்தாலும், நீர்மட்டம் தாழ்ந்து வறண்டு ஓடினாலும் அது நிலைக்காது. இறக்குமுன் மோட்டாருக்குள் சுத்தமான தண்ணீரைக் காற்றுக்குமிழ் போகும்வரை நிரப்ப வேண்டும். உள்ளிருக்கும் புஷ்களுக்கும் அடிப்பேரிங்குக்கும் எண்ணெய் அத்தண்ணீரே. அவசரத்தில் இதனை மறந்து இறக்கி, மறுவாரமே முழுக் குழாயையும் தூக்க நேர்ந்தால் வண்டிக் கூலியே பெருந்தொகையாகும்.

சில சமயங்களில் கட்டிய மோட்டாரை விடப் புதியதே லாபம். ரோட்டாரின் கம்பிகள் விரிசல் கண்டிருந்தாலும், ஸ்டேட்டரின் இரும்பு உருகியிருந்தாலும், சாப்ட் வளைந்திருந்தாலும் காயில் கட்டுவது வீண். கிணற்றின் நீர்மட்டம் முன்னிலும் வெகுவாய்த் தாழ்ந்து, பம்பே ஆழத்துக்குப் பொருந்தாமற் போயிருந்தாலும் அப்படியே. பழைய பம்புசெட்டுகளை மாற்ற அரசாங்கம் மானியம் அறிவிக்கும் ஆண்டுகளில் வேளாண்மைப் பொறியியல் துறையில் விசாரித்துக்கொள்ளலாம்.

தமிழ்நாட்டில் சிறு விவசாயிகளுக்கு 1984இலும், பின்னர் எல்லா விவசாயிகளுக்கும் பம்புசெட்டு மின்சாரம் இலவசமாக்கப்பட்டது. அதனால் ஒரு மோட்டார் வீணாய் மின்சாரம் தின்பது உடையவருக்குத் தெரிவதில்லை, பில் வருவதில்லையே. ஆனால் ஒரே டிரான்ஸ்பார்மரின் கீழ் இத்தகைய மோட்டார்கள் பெருகினால், கம்பியின் கடைக்கோடியிலுள்ள தோட்டத்தில் வோல்டேஜ் விழுகிறது. வோல்டேஜ் 10 சதவிகிதம் குறைந்தால் மோட்டார் தொடங்கும்போது இழுக்கும் விசை சுமார் 19 சதவிகிதம் குறையும். ஓடும்போதோ கரன்டு அதற்கேற்ப உயரும். இவ்வாறு ஒருவருடைய மட்டமான மோட்டார் அடுத்தவருடைய நல்ல மோட்டாரைக் கருக்குகிறது. ஒரே டிரான்ஸ்பார்மரில் ஒரு போகத்துக்குள் பல மோட்டார்கள் கருகுவது தெரிந்தால், கிராம அதிகாரிகள் அதனைத் தனித்தனித் துரதிர்ஷ்டமென்று விடாமல் மின்வாரியத்துக்கு எழுதுதல் தகும். பியூஸ் போனால் விவசாயிகள் தாமே டிரான்ஸ்பார்மரில் ஏறுவதையும் அவர்கள் கண்டிப்பாய்த் தடுக்க வேண்டும். அவ்வழியில் உயிர்கள் போயிருக்கின்றன.

மாற்று மோட்டாரைப் பூட்டும் நாளில் மெயின் சுவிட்சை அணைத்து, பியூஸ்களைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்ட பிறகே வேலையைத் தொடங்க வேண்டும். எர்த் ஒயரை முதலில் இணைப்பது நல்ல வழக்கம். புதிதாய்க் கட்டிய மோட்டாரில் முனைகளின் வரிசை மாறியிருக்கக்கூடும். அவ்வாறாயின் மோட்டார் எதிர்ப்புறமாய்ச் சுழன்று, ஓசை மட்டும் வந்து தண்ணீர் குறைவாய் விழும். ஏதேனும் இரண்டு பேஸ்களை இடம் மாற்றினால் சரியாகும். பின்னர் பம்பு முழுப் பாரத்தில் இறைக்கும்போது மூன்று கம்பிகளின் ஆம்பியரையும் அளந்து, பெயர்ப்பலகையோடு ஒப்பிட வேண்டும். 5 குதிரைச் சக்தி மோட்டாருக்கு இது பொதுவாய் 7 முதல் 8 ஆம்பியர் அளவில் இருக்கும். ரிலேயைப் பலகையின் ஆம்பியருக்கே நிறுத்த வேண்டும். ஸ்டார்-டெல்டா ஸ்டார்ட்டரில் ரிலே டெல்டாவுக்குள் அமைந்திருந்தால் அதில் 58 சதவிகிதத்துக்கு நிறுத்த வேண்டும். அன்று கண்ட வோல்டேஜ், ஆம்பியர், தேதி, கட்டிய பட்டறையின் பெயர் ஆகியவற்றை ஸ்டார்ட்டர் பெட்டியின் உட்கதவில் சுண்ணாம்பாலோ பெயின்டாலோ எழுதிவைத்தால், ஆறு மாதம் கழித்து ஆம்பியர் ஏறியிருக்கிறதா என்பதை யாரும் ஒப்பிட்டுப் பார்க்கலாம்.