பிக்கப் அடித்தளத்தில் அமைந்த முழு அளவு எஸ்யூவிகளும் அவற்றின் எதிர்காலமும்

முழு அளவு எஸ்யூவி என்பது பிக்கப் டிரக்கின் அடித்தளத்தின் மீது, ஏழு முதல் ஒன்பது பேர் அமரக்கூடிய மூடிய உடற்பகுதியைப் பொருத்திச் செய்யப்படும் பெரிய பயணிகள் வண்டியாகும். இவ்வகை வண்டிகள் பெரும்பாலும் அமெரிக்க ஐக்கிய நாடுகளில் தயாரிக்கப்பட்டு அங்கேயே விற்பனையாகின்றன. செவ்ரோலெட் சபர்பன், செவ்ரோலெட் டாஹோ, காடிலாக் எஸ்கலேட், ஃபோர்டு எக்ஸ்பெடிஷன், டொயோட்டா செக்வோயா, ஜீப் வேகனியர் ஆகியவை இவற்றுள் அறியப்பட்டவை. எரிபொருள் விலை உயரும்போதெல்லாம் இவற்றின் காலம் முடிந்துவிட்டது என்ற பேச்சு எழுவதுண்டு. ஆனாலும் இவை இன்றுவரை நீடிக்கின்றன. அதற்கான காரணத்தைப் புரிந்துகொண்டால் இவற்றின் எதிர்காலத்தையும் ஓரளவு கணிக்க முடியும்.

அமைப்பு

சேசிஸ் என்று நாம் சொல்லும் அடிச்சட்டகம் இரண்டு நீண்ட எஃகுத் தண்டவாளங்களையும் அவற்றை இணைக்கும் குறுக்குச் சட்டங்களையும் கொண்டது. பார்வைக்கு ஏணி போலிருப்பதால் இது ஏணிச் சட்டகம் எனப்படுகிறது. எஞ்சின், கியர் பெட்டி, அச்சு, சக்கரங்கள் ஆகியவை இச்சட்டகத்தில் பொருத்தப்படுகின்றன. பயணிகள் அமரும் உடற்பகுதி தனியாகச் செய்யப்பட்டு, ரப்பர் தாங்கிகளை இடையில் வைத்துச் சட்டகத்தின் மேல் போல்ட் போட்டு முடுக்கப்படுகிறது. பாடி கட்டப்படாத லாரி சேசிஸ் சாலையில் தனியாக ஓட்டிச் செல்லப்படுவதைப் பார்த்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும்.

இன்றைய கார்களில் பெரும்பாலானவை இப்படிச் செய்யப்படுவதில்லை. அவற்றில் தரை, தூண், கூரை எல்லாம் ஒன்றாகப் பற்றவைக்கப்பட்டு, உடற்பகுதியே சட்டகத்தின் வேலையையும் செய்கிறது. இது ஒற்றைக்கூட்டு அமைப்பு எனப்படும். இதில் எடை குறைவு, உட்புற இடம் அதிகம், ஓட்டமும் மென்மையானது. ஏணிச் சட்டகம் எடை மிகுந்தது. ஆனால் முறுக்கு விசையையும் பின்னால் இழுக்கும் பாரத்தையும் நன்கு தாங்கும். ஒற்றைக்கூட்டு அமைப்புள்ள மூன்று வரிசை எஸ்யூவிகள் பொதுவாக 5,000 பவுண்டு (சுமார் 2,270 கிலோ) அளவிலான இழுவண்டியை இழுக்கும். தக்க வசதிகளுடன் வாங்கினால் டாஹோ 8,400 பவுண்டும், ஜீப் வேகனியர் 10,000 பவுண்டும் (சுமார் 4,500 கிலோ) இழுக்க வல்லவை. படகு, குதிரை வண்டி, தங்கும் வசதியுள்ள இழுவண்டி ஆகியவற்றை வைத்திருக்கும் அமெரிக்கக் குடும்பங்களுக்கு இந்த வேறுபாடு முக்கியமானது.

சிறிய அளவில் இதே முறை நம் நாட்டிலும் உண்டு. மறைமலை நகரில் தயாரான ஃபோர்டு எண்டெவர், ரேஞ்சர் பிக்கப்பின் அடித்தளத்தில் அமைந்தது. டொயோட்டா ஃபார்ச்சூனரும் ஹைலக்ஸ் பிக்கப்பும் அவ்வாறே ஓர் அடித்தளத்தைப் பகிர்ந்துகொள்பவை.

வரலாறு

செவ்ரோலெட் நிறுவனம் 1935ஆம் ஆண்டு மாடலாக சபர்பன் கேரியால் என்னும் வண்டியை வெளியிட்டது. அரை டன் டிரக்கின் சேசிஸ் மீது எட்டுப் பேர் அமரும் எஃகு உடற்பகுதியைப் பொருத்திய வண்டி அது. சபர்பன் என்னும் பெயர் அன்று முதல் இன்றுவரை பயன்பாட்டில் உள்ளது. தொடக்கத்தில் இது வேலைக்கான வண்டியாகவே கருதப்பட்டது. 1963இல் வந்த ஜீப் வேகனியர், டிரக் அடித்தளத்தில் குடும்பங்களுக்கான வசதிகளைக் கொண்டுவந்தது.

1990களில் நிலைமை மாறியது. டாஹோ, எஃப்-150 பிக்கப்பை ஒட்டி உருவான ஃபோர்டு எக்ஸ்பெடிஷன் (1997 மாடல்), லிங்கன் நேவிகேட்டர், காடிலாக் எஸ்கலேட் ஆகியவை அடுத்தடுத்து வந்தன. வேலை வண்டி, செல்வ வளத்தின் அடையாளமாக மாறியது. 2001 மாடலாக டொயோட்டா, டன்ட்ரா பிக்கப்பின் அடித்தளத்தில் செக்வோயாவைக் கொண்டுவந்தது.

நீடிப்பதற்கான பொருளாதாரக் காரணம்

புதிய அடித்தளம் ஒன்றை உருவாக்க மிகப் பெரும் முதலீடு தேவை. அந்தச் செலவை எத்தனை வண்டிகளின் மீது பங்கிடுகிறோம் என்பதே இலாபத்தை முடிவுசெய்கிறது. டாஹோ அண்மை ஆண்டுகளில் அமெரிக்காவில் ஆண்டுக்கு ஒரு லட்சத்தைச் சற்றுத் தாண்டி விற்கிறது. ஃபோர்டு எஃப் வரிசை பிக்கப்கள் ஏழு லட்சத்துக்கு மேல் விற்கின்றன. எஃப் வரிசை 1977 முதல் அந்நாட்டில் மிகுதியாக விற்கும் டிரக்காக இருந்து வருகிறது.

பிக்கப்புக்காகச் செலவிட்டு உருவாக்கிய எஞ்சின், கியர் பெட்டி, மின்னணுப் பகுதிகள் முதலியவற்றில் பெரும்பகுதியை எஸ்யூவி அப்படியே எடுத்துக்கொள்கிறது. மேற்கூடும் இருக்கைகளும் பின்புற அமைப்பும் மட்டுமே பெரிதும் வேறுபடுகின்றன. விலையோ பிக்கப்பைவிடக் கணிசமாக உயர்ந்தது. எனவே விற்பனை எண்ணிக்கை குறைவாக இருந்தாலும் ஒவ்வொரு வண்டியிலும் கிடைக்கும் இலாபம் அதிகம். சுருங்கச் சொன்னால், பிக்கப் என்னும் மரத்தில் படர்ந்த கொடி இது. மரம் நிற்கும்வரை கொடிக்குப் பெரிய கவலையில்லை.

சட்டங்களின் பங்கு

வாடிக்கையாளரின் விருப்பம் மட்டும் இவ்வண்டிகளை வளர்க்கவில்லை, சட்டங்களும் துணைநின்றன. 1973 எண்ணெய் நெருக்கடிக்குப் பின், 1975இல் அமெரிக்க நாடாளுமன்றம் எரிபொருள் சிக்கனச் சட்டத்தை நிறைவேற்றியது. இதன்படி ஒவ்வொரு நிறுவனமும் தான் விற்கும் வண்டிகளின் சராசரி மைலேஜை ஒரு குறிப்பிட்ட அளவுக்கு மேல் வைத்திருக்க வேண்டும். ஆனால் கார்களுக்கு ஓர் அளவும், இலகு டிரக்குகளுக்குத் தளர்வான வேறோர் அளவும் வகுக்கப்பட்டன. 1990களின் பிற்பகுதியில் கார்களுக்குக் காலனுக்கு 27.5 மைல் (லிட்டருக்கு 11.7 கி.மீ.), டிரக்குகளுக்கு 20.7 மைல் (8.8 கி.மீ.) என்பது விதி. விவசாயிக்கும் தச்சருக்கும் பயன்படும் டிரக்கை மனத்தில் வைத்துத் தரப்பட்ட இச்சலுகை, குடும்ப எஸ்யூவிகளுக்கும் கிடைத்தது.

சுமையுடன் மொத்த எடை 8,500 பவுண்டுக்கு (சுமார் 3,850 கிலோ) மேற்பட்ட வண்டிகளுக்கு இவ்விதி அன்று பொருந்தவே இல்லை. 2000 முதல் 2005 வரை விற்கப்பட்ட ஃபோர்டு எக்ஸ்கர்ஷன் இந்த வரம்புக்கு வெளியே நின்ற வண்டி. பின்னர் விதிகள் மாற்றப்பட்டு, 2011 மாடல் முதல் இத்தகைய கனமான பயணிகள் வண்டிகளும் கணக்கில் சேர்க்கப்பட்டன. அதே சமயம், சக்கரங்களுக்கு இடைப்பட்ட பரப்பளவு கூடக்கூட மைலேஜ் இலக்கு குறையும் முறையும் நடைமுறைக்கு வந்தது. இதுவும் பெரிய வண்டிகளுக்குச் சாதகமானது.

பிக்கப்புக்கு மற்றொரு பாதுகாப்பும் உண்டு. ஐரோப்பாவுடன் ஏற்பட்ட கோழி இறைச்சி வணிகத் தகராறின் விளைவாக, 1964 முதல் இறக்குமதி டிரக்குகளுக்கு அமெரிக்கா 25 விழுக்காடு வரி விதித்தது. தகராறு மறைந்த பின்னும் வரி நீடிக்கிறது. இதனால் உள்நாட்டு பிக்கப்புக்கு வெளிநாட்டுப் போட்டி குறைந்தது. அதன் பலன் எஸ்யூவியையும் சேர்ந்தது.

2008 நெருக்கடி

2008 ஜூலையில் கச்சா எண்ணெய் விலை பீப்பாய்க்கு 147 டாலரைத் தொட்டது. அமெரிக்காவில் பெட்ரோல் சராசரி விலை காலனுக்கு 4 டாலரைத் தாண்டியது. பெரிய எஸ்யூவிகளின் விற்பனை சரிந்தது. விஸ்கான்சின் மாநிலத்தின் ஜேன்ஸ்வில் நகரில், 1923 முதல் செவ்ரோலெட் வண்டிகளைத் தயாரித்துவந்த ஜெனரல் மோட்டார்ஸ் ஆலை அப்போது டாஹோ, சபர்பன் போன்றவற்றையே செய்துகொண்டிருந்தது. 2008 டிசம்பர் 23 அன்று கடைசி டாஹோ வெளியேறியதும் எஸ்யூவி உற்பத்தி நிறுத்தப்பட்டது. பல தலைமுறைகளாக அந்த ஆலையை நம்பியிருந்த குடும்பங்கள் வேலையிழந்தன. பலர் தொலைதூர மாநிலங்களில் உள்ள ஆலைகளுக்கு வேலை தேடிச் சென்றனர்.

ஆனால் வண்டி மறையவில்லை. அதே மாடல்களின் உற்பத்தி டெக்சாஸ் மாநிலத்தின் ஆர்லிங்டன் ஆலையில் தொடர்ந்தது. விலை இறங்கியதும் வாங்குவோரும் திரும்பிவந்தனர். விலையேற்றத்தின் பாரத்தை வண்டியைவிட அதைச் செய்த ஊரே அதிகம் சுமந்தது.

விலகிச் சென்ற நடுத்தர வண்டிகள்

எல்லா எஸ்யூவிகளும் டிரக் அடித்தளத்தில் தங்கவில்லை. 1991 மாடலாக ரேஞ்சர் பிக்கப்பிலிருந்து பிறந்த ஃபோர்டு எக்ஸ்புளோரர், 2011 மாடலில் ஒற்றைக்கூட்டு அமைப்புக்கு மாறியது. டாட்ஜ் டுராங்கோவும் 2011இல் மாறியது. நிசான் பாத்ஃபைண்டர் 2013இல் மாறியது. இவற்றை வாங்கியோர் பெரும்பாலும் கனமான பாரம் இழுக்காதவர்கள். அவர்களுக்கு மென்மையான ஓட்டமும் மைலேஜும் போதுமானவையாக இருந்தன.

முழு அளவு வண்டிகளில் மாற்றம் வேறு வழியில் வந்தது. அடிச்சட்டகத்தை வைத்துக்கொண்டே குறைகளைச் சரிசெய்தார்கள். எக்ஸ்பெடிஷன் 2003 மாடலிலும், டாஹோவும் சபர்பனும் 2021 மாடலிலும் பின்சக்கரங்கள் தனித்தனியே அசையும் தொங்கல் அமைப்பைப் பெற்றன. இதனால் மூன்றாம் வரிசையில் கால் வைக்க இடம் கூடியது. 2018 எக்ஸ்பெடிஷனுக்கு அலுமினிய உடற்பகுதி வந்தது. 2023 மாடல் செக்வோயா முழுவதும் ஹைபிரிட் ஆனது.

எதிர்ப்புகள்

இவ்வண்டிகளின் மீதான குறைகள் இரண்டு. முதலாவது எரிபொருள். பெட்ரோல் எஞ்சின் கொண்ட சபர்பன் கலப்பு ஓட்டத்தில் லிட்டருக்குச் சுமார் 7 கி.மீ. மட்டுமே தருகிறது. இரண்டாவது, சாலையில் நடப்போரின் உயிர். அமெரிக்காவில் 2009இல் 4,100 பேர் அளவில் இருந்த பாதசாரி உயிரிழப்பு, 2022இல் 7,500ஐத் தாண்டியது. வேகம், இருட்டு, சாலை அமைப்பு எனக் காரணங்கள் பல. வண்டியின் உயரமும் அவற்றுள் ஒன்று. அந்நாட்டின் நெடுஞ்சாலைப் பாதுகாப்புக் காப்பீட்டுக் கழகம் 2023இல் வெளியிட்ட ஆய்வின்படி, முன்மூடி 40 அங்குலத்துக்கு மேல் உயர்ந்த வண்டிகள் மோதினால், முன்மூடி 30 அங்குலமோ அதற்குக் குறைவாகவோ இருந்து சரிவாகவும் அமைந்த வண்டிகளைவிட, பாதசாரி இறக்கும் வாய்ப்பு ஏறத்தாழ 45 விழுக்காடு அதிகம். காரின் முகப்பு காலில் மோதும். உயர்ந்த முகப்பு மார்பிலும் தலையிலும் மோதும். உயரம் குறைந்த குழந்தை ஓட்டுநரின் கண்ணுக்கே தெரியாமல் போகலாம். வண்டிக்குள் இருப்பவர் பெறும் பாதுகாப்புக்கு வெளியே இருப்பவர் விலை கொடுக்கிறார் என்பதே இங்குள்ள சிக்கல்.

மின்மயமாக்கல்

மின்கலத்தை வைக்க ஏணிச் சட்டகம் வசதியானதன்று. ஃபோர்டு எஃப்-150 லைட்னிங் பிக்கப்பில் தண்டவாளங்களுக்கு இடையே மின்கலத்தை வைத்தார்கள். செவ்ரோலெட் சில்வராடோ மின் பிக்கப்பிலோ பழைய ஏணியே இல்லை. 2025 மாடலாக வந்த காடிலாக் எஸ்கலேட் ஐக்யூ, இந்த மின் பிக்கப்பின் அடித்தளத்தையே பகிர்ந்துகொள்கிறது. அதாவது ஏணி போய்விட்டது. பிக்கப்புடன் உள்ள உறவு போகவில்லை. ரிவியன் நிறுவனத்தின் ஆர்1டி பிக்கப், ஆர்1எஸ் எஸ்யூவி ஆகியவற்றிலும் இதே உறவைக் காணலாம்.

எடை இங்கு பெரிய தடை. எஸ்கலேட் ஐக்யூ நான்கு டன்னுக்கு மேல் எடை கொண்டது. ஒருமுறை மின்னேற்றினால் 700 கி.மீ.க்கு மேல் ஓடினாலும், கனமான இழுவண்டியைக் கட்டினால் இத்தகைய வண்டிகளின் தூரம் வெகுவாகக் குறையும். பெரிய எஸ்யூவியை வாங்குவதற்கான முக்கியக் காரணமே அப்போது அடிபடுகிறது. ஆகவே சிறு பெட்ரோல் எஞ்சின் மின்னாக்கியாக மட்டும் இயங்கி மின்கலத்தை நிரப்பும் முறையில் நிறுவனங்கள் ஆர்வம் காட்டுகின்றன. ஃபோக்ஸ்வாகன் குழுமத்தின் ஸ்கவுட் நிறுவனம் 2024 அக்டோபரில் காட்சிப்படுத்திய டெர்ரா பிக்கப்பும் டிராவலர் எஸ்யூவியும் இம்முறையையும் தனி அடிச்சட்டகத்தையும் இணைப்பவை.

எதிர்காலம்

அடுத்த சில ஆண்டுகளில் பெட்ரோல் வண்டிகள் தொடரும் என்பதற்கான அறிகுறிகள் தெளிவாக உள்ளன. 2023 ஜூனில் ஜெனரல் மோட்டார்ஸ், அடுத்த தலைமுறைப் பெட்ரோல் எஸ்யூவிகளுக்காக ஆர்லிங்டன் ஆலையில் 50 கோடி டாலருக்கு மேல் முதலீடு செய்வதாக அறிவித்தது. அடுத்த தலைமுறை பிக்கப்களுக்கான முதலீடும் அதே மாதத்தில் அறிவிக்கப்பட்டது. 2025இல் அமெரிக்கா, மைலேஜ் விதியை மீறும் நிறுவனங்களுக்கான அபராதத்தைப் பூச்சியமாக்கியது. மின்வண்டி வாங்குவோருக்கான வரிச்சலுகையும் அவ்வாண்டு செப்டம்பர் 30உடன் முடிவுக்கு வந்தது.

எனவே இவ்வண்டிகளின் எதிர்காலத்தை அறிய விரும்புவோர் பிக்கப்பின் எதிர்காலத்தைக் கவனிக்க வேண்டும். எஞ்சின் மாறலாம், சட்டகம் மாறலாம். பிக்கப் லட்சக்கணக்கில் விற்கும்வரை அதன் அடித்தளத்தில் ஒரு பெரிய எஸ்யூவி பிறந்துகொண்டே இருக்கும். அது எவ்வளவு உயரமாக, எவ்வளவு கனமாக இருக்கலாம் என்பது மட்டும் நிறுவனங்களின் கையில் முழுவதும் விடப்பட வேண்டியதில்லை. சட்டம் தந்த சலுகையால் வளர்ந்த வண்டிக்குச் சட்டத்தாலேயே அளவும் வகுக்க முடியும்.