பல்லாயிரம் முகங்களால் ஒரு படம்: அது யாருடையது?

2012ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் லண்டன் பக்கிங்ஹாம் அரண்மனையின் முகப்பில் பிரிட்டிஷ் மகாராணி இரண்டாம் எலிசபெத்தின் உருவம் ஒளியால் வரையப்பட்டது. அவர் அரியணையேறி 60 ஆண்டுகள் நிறைவடைந்ததை ஒட்டிய நிகழ்வு அது.

தொலைவில் நின்றவர்களுக்குத் தெரிந்தது மகாராணியின் முகம். ஆனால் அதை உருவாக்கியவை, பிரிட்டனின் சிறார்கள் தம்மைத் தாமே வரைந்து இணையம் வழியாக அனுப்பிய இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட சித்திரங்களாகும்.

பொது இடங்களில் மக்களின் படங்களைக் கொண்டு பெரிய உருவங்களை அமைப்பது உலகின் பல நகரங்களில் வழக்கமாகி வருகிறது. இவற்றில் பங்கேற்பவருக்கு உண்மையில் என்ன இடம் இருக்கிறது என்ற கேள்வியும் கூடவே எழுகிறது.

கணினி செய்யும் வேலை

மொசைக் என்றவுடன் தமிழர்கள் பலருக்கு நினைவுக்கு வருவது வீட்டுத் தரைதான். சிறு துண்டுகளைச் சேர்த்துப் பெரிய வடிவத்தை அமைக்கும் அதே முறைதான் இங்கும் பின்பற்றப்படுகிறது. கல்லுக்குப் பதிலாகப் புகைப்படம் பயன்படுகிறது.

அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தில் மாணவராக இருந்த ராபர்ட் சில்வர்ஸ் 1990களின் நடுப்பகுதியில் இதற்கான கணினி நிரலை உருவாக்கினார். அதற்கான காப்புரிமை அவருக்கு 2000ஆம் ஆண்டில் கிடைத்தது.

முதலில் பெரிய படம் சிறு சதுரங்களாகப் பிரிக்கப்படுகிறது. ஒவ்வொரு சதுரத்தின் நிறத்தையும் ஒளியளவையும் கணினி கணக்கிடுகிறது. பின்னர், கைவசமுள்ள புகைப்படங்களில் அதற்கு மிக நெருக்கமானதைத் தேடி அங்கே பொருத்துகிறது. 8 மீட்டர் அகலமும் 6 மீட்டர் உயரமும் கொண்ட சுவரில் 10 சென்டிமீட்டர் சதுரங்களை அமைத்தால் 4,800 படங்கள் தேவைப்படும்.

படங்கள் அனைத்தும் முன்னதாகவே கையில் இருந்தால் இது எளிது. சதுக்கத்தில் நடப்பவர்கள் ஒவ்வொருவராக வந்து படம் கொடுக்கும்போது சிக்கல் தொடங்குகிறது. அடுத்து வரப்போகும் படம் வெளிச்சமானதா, இருண்டதா என்பது கணினிக்குத் தெரியாது. எனவே வரும் படத்தின் மீது, அது அமர வேண்டிய சதுரத்தின் நிறம் மெல்லிய திரைபோல் பூசப்படுகிறது. பூச்சு கூடினால் பெரிய உருவம் தெளிவாகும், தனிமனிதரின் முகம் மங்கும். பூச்சு குறைந்தால் முகம் தெரியும், பெரிய உருவம் கலைந்துபோகும்.

மின்திரைகளில் மற்றொரு தடையும் உண்டு. விளக்குப் புள்ளிகளுக்கு இடையே 10 மில்லிமீட்டர் இடைவெளி உள்ள வெளிப்புறத் திரையில், 10 சென்டிமீட்டர் சதுரத்துக்குள் அடங்குபவை வெறும் 100 புள்ளிகளே. அதில் ஒருவரின் முகத்தை அடையாளம் காண்பது கடினம். இதனால்தான் புதிய படத்தைச் சில விநாடிகள் பெரிதாகக் காட்டிவிட்டு, பின்னர் சிறிதாக்கி அதன் இடத்தில் சேர்க்கும் உத்தி கையாளப்படுகிறது. படத்தை அச்சிட்டு, எண்ணிடப்பட்ட கட்டத்தில் பங்கேற்பவரே ஒட்டும் முறையும் உண்டு.

பார்வையாளரே படைப்பாளர்

பெரிய உருவத்தை அமைப்பாளரே தீர்மானிக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. 2001ஆம் ஆண்டு செப்டம்பரில் பெர்லின் அலெக்சாண்டர் சதுக்கத்தில் உள்ள ஆசிரியர் இல்லம் என்ற கட்டடத்தின் மேல் எட்டு மாடிகளில், 144 ஜன்னல்களுக்குப் பின்னால் விளக்குகள் பொருத்தப்பட்டன. ஒரு ஜன்னல் ஒரு புள்ளியாயிற்று. ஜெர்மனியின் கேயாஸ் கம்ப்யூட்டர் கிளப் செய்த இந்த முயற்சியில், பொதுமக்கள் தாங்கள் உருவாக்கிய அசையும் படங்களை அனுப்பினார்கள். கைத்தொலைபேசி வழியாக அந்தக் கட்டடத்திலேயே விளையாடவும் செய்தார்கள். 144 புள்ளிகளில் நுணுக்கமான ஓவியம் வராது. ஆயினும் என்ன தெரிய வேண்டும் என்பதை அங்கு மக்கள் முடிவு செய்தார்கள்.

2014ஆம் ஆண்டு ரஷ்யாவின் சோச்சி நகரில் நடந்த குளிர்கால ஒலிம்பிக் போட்டியின்போது, லண்டன் கட்டடக் கலைஞர் ஆசிப் கான் வடிவமைத்த சுவர் வேறு வழியைக் காட்டியது. முன்னும் பின்னும் நகரும் சுமார் 11,000 தண்டுகள், பார்வையாளர்களின் முகங்களை 8 மீட்டர் உயரத்தில் புடைப்பாக எழுப்பின. ஒவ்வொரு முகமும் சில விநாடிகளே நின்றது. ஆனால் அந்த நேரத்தில் அது வேறெந்த உருவத்தின் துணுக்காகவும் இருக்கவில்லை.

திரைக்குப் பின்னால்

படம் காட்டும் இடம் படம் பிடிக்கும் இடமாகவும் மாறக்கூடும். சிகாகோ மில்லினியம் பூங்காவில் 2004ஆம் ஆண்டு திறக்கப்பட்ட கிரவுன் நீரூற்றில், 50 அடி உயரக் கண்ணாடிக் கோபுரங்கள் இரண்டில் அந்நகரவாசிகள் ஏறத்தாழ ஆயிரம் பேரின் முகங்கள் மாறிமாறித் தோன்றுகின்றன. ஸ்பானிய சிற்பி ஹாவ்மே பிளென்சாவின் படைப்பு இது. 2006ஆம் ஆண்டின் இறுதியில் இக்கோபுரங்களின் உச்சியில் கண்காணிப்புக் கேமராக்கள் பொருத்தப்பட்டபோது எதிர்ப்பு எழுந்தது. அவை விரைவிலேயே அகற்றப்பட்டன.

2018ஆம் ஆண்டு மே மாதம் நடைமுறைக்கு வந்த ஐரோப்பிய ஒன்றியத்தின் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின்படி, ஒருவரை அடையாளம் காட்டும் புகைப்படம் அவரது தனிப்பட்ட தரவாகும். அவர் தந்த சம்மதத்தின் பேரில் அது பயன்படுத்தப்பட்டால், அந்தச் சம்மதத்தை அவர் திரும்பப் பெறலாம். எனினும், திருவிழாக் கூட்டத்தில் உற்சாகமாகப் படம் கொடுப்பவர்கள், விழா முடிந்தபின் அப்படம் எங்கே இருக்கும், யார் வைத்திருப்பார்கள் என்று கேட்பதில்லை. சிறார்களின் படங்கள் என்றால் இந்தக் கேள்வி மேலும் கூர்மையடைகிறது.

இதற்கான வழிகள் கடினமானவை அல்ல. தமது படம் எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்பதைப் பங்கேற்பவர் அறிய ஓர் எண் தரலாம். படங்கள் அழிக்கப்படும் நாளை முன்கூட்டியே அறிவிக்கலாம். கேட்டால் படத்தை நீக்கலாம். நிற்கப்போகும் பெரிய உருவம் எது என்பதைப் படம் வாங்குவதற்கு முன்பே சொல்லலாம்.

சுவரில் தம் முகத்தைத் தேடிக் கண்டுபிடிக்கவும், வேண்டாமென்றால் அதைத் திரும்பப் பெறவும் முடிந்தால்தான் அதைக் கொடுத்தவர் பங்கேற்பாளர் ஆகிறார். இல்லையென்றால், வேறொருவர் வரைந்த படத்துக்கு வேண்டிய நிறத்தை மட்டுமே அவர் கொடுத்திருக்கிறார்.