ஜெர்மன் மொழியினர் ஆங்கிலம் கற்றலில் கடப்பாட்டுத் துணைவினைகள்

ஆங்கிலமும் ஜெர்மனும் மேலை ஜெர்மானியக் கிளையைச் சேர்ந்த உறவு மொழிகள். ஒலியாலும் வடிவாலும் ஒத்த சொற்கள் இவற்றில் மிகுதி. தாய்மொழியோடு ஒத்தவை கற்க எளியன, வேறுபட்டவை அரியன என்னும் கருத்தை இராபர்ட் லாடோ 1957இல் வெளிவந்த தம் உறழாய்வு நூலில் முன்வைத்தார். ஆயின் தேவை, கட்டாயம், விலக்கு ஆகியவற்றை உணர்த்தும் துணைவினைகளைப் பொறுத்தவரை ஒப்புமையே இடர்ப்பாட்டுக்குக் காரணமாகிறது. வேற்றினமொழி பேசுவோர் ஐயத்தோடு அணுகும் இடத்தை ஜெர்மானியர் ஐயமின்றிக் கடந்துவிடுகின்றனர்.

ஜெர்மனின் 'ம்யூஸன்' என்னும் வினையும் ஆங்கிலத்தின் 'மஸ்ட்' என்னும் வினையும் ஒரே மூலத்தின் வழிவந்தவை. உடன்பாட்டில் இரண்டும் ஒத்தே இயங்குகின்றன. 'எர் முஸ் கோமன்' என்னும் ஜெர்மன் தொடரும் 'ஹி மஸ்ட் கம்' என்னும் ஆங்கிலத் தொடரும் 'அவன் வர வேண்டும்' என்றே பொருள்படும். எதிர்மறைச் சொல் சேர்ந்தவுடன் இவை பிரிந்துவிடுகின்றன. 'எர் முஸ் நிஷ்ட் கோமன்' என்றால் பொதுவாக 'அவன் வர வேண்டியதில்லை' என்பது பொருள். வர விரும்பினால் தடையில்லை. இதனைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்து 'ஹி மஸ்ட் நாட் கம்' என்றால் 'அவன் வரக் கூடாது' என்றாகிவிடும். ஜெர்மனில் எதிர்மறை கட்டாயத்தை நீக்குகிறது. ஆங்கிலத்திலோ அது செயலைச் சார்ந்து, செயலைச் செய்யாதிருத்தலையே கட்டாயமாக்குகிறது. தமிழ் இவ்விரு பொருளுக்கும் 'வேண்டியதில்லை', 'கூடாது' என வெவ்வேறு வடிவங்களை வைத்துள்ளது. எனினும் 'வர வேண்டாம்' என்பது இரண்டுக்கும் இடையே நின்று, சூழலால் பொருள் தெளிவது.

இப்பிழை இலக்கணப் பிழை அன்று. தொடர் வழுவின்றி அமைவதால் கேட்போர் அதனைப் பிழையென உணர்வதில்லை. பேசும்போது நேரும் பிழையினும் கேட்கும்போது நேரும் பிழை கேடு மிக்கது. ஆலையொன்றில் ஆங்கிலேய மேற்பார்வையாளர் 'இந்த வால்வைத் திறக்கக் கூடாது' என்னும் கருத்தில் 'மஸ்ட் நாட்' என்று கூற, புதிதாக ஆங்கிலம் பயிலும் ஜெர்மானியத் தொழிலாளி அதனைத் 'திறக்கத் தேவையில்லை' எனக் கொண்டால் விளைவு என்னவாகும் என்பதைச் சொல்ல வேண்டுவதில்லை. 'மஸ்ட் நாட்' என்பதற்கு உரிய ஜெர்மன் வழக்கு 'ட்யூர்ஃபன்' என்னும் வினையின் எதிர்மறையே.

சொல் வரலாறு இங்குச் சுவையானது. 'மஸ்ட்' என்பதன் பழைய ஆங்கில மூலமான 'மோட்டன்' இசைவுப் பொருளைத் தந்தது. 'செய்யலாம்' என்பதே அதன் பொருள். பழைய ஜெர்மனிலும் இச்சொல்லுக்கு வாய்ப்பு, இயலுதல் ஆகிய பொருள்கள் இருந்தன. இன்று இசைவைக் குறிக்கும் 'ட்யூர்ஃபன்' என்பதோ முற்காலத்தில் தேவையைக் குறித்தது. அவ்வகையில் இவ்விரு வினைகளும் பொருளில் இடம் மாறிக்கொண்டன எனலாம். இசைவுப் பொருளை மறுத்தால் விலக்குப் பொருளே கிட்டும் என்பதும் நோக்கத்தக்கது.

மேலும் 'மஸ்ட்' என்பது அப்பழைய வினையின் இறந்தகால வடிவிலிருந்தே தோன்றியது. அதனால் அதற்கெனத் தனி இறந்தகாலம் இல்லை. ஜெர்மன் வினைக்கோ 'முஸ்டே' என்னும் இறந்தகாலமும் பிற எச்ச வடிவங்களும் உண்டு. 'அவன் போக வேண்டியிருந்தது' என்று கூற முயலும் மாணவர் 'ஹி மஸ்ட் ஹேவ் கான்' என்று அமைத்தால் 'அவன் போயிருக்க வேண்டும்' என்னும் ஊகப் பொருளே கிடைக்கும். இங்கு வேண்டுவது 'ஹேட் டு' என்பதே.

'ஸொலன்' என்னும் வினை தரும் தொல்லை வேறு வகையினது. அது பிறர் விருப்பத்தையோ கட்டளையையோ எடுத்துரைப்பது. மருத்துவர் ஆணைப்படி ஒருவர் மருந்து உண்ண வேண்டியிருப்பின் ஜெர்மானியர் இவ்வினையால் கூறுவர். தமிழில் 'உண்ண வேண்டுமாம்' என்பது இதற்கு நெருங்கி வரும். மாணவர் இதற்கு 'ஷுட்' என்பதை இட்டால் கட்டளை வெறும் அறிவுரையாக மெலிந்துவிடுகிறது. 'ஷுட்' என்பதற்கு ஒத்தது அவ்வினையின் 'ஸொல்டே' என்னும் வடிவம் மட்டுமே.

ஆகவே 'ம்யூஸன்' என்பதற்கு 'மஸ்ட்' என்று தொடக்கத்திலேயே சமன்பாடு கற்பிப்பது பொருந்தாது. அதற்கு உண்மையில் இணையானது 'ஹேவ் டு' என்னும் தொடர்வினை. எக்காலத்திலும் வருவது, எதிர்மறையில் ஜெர்மனைப் போன்றே கட்டாயமின்மையை உணர்த்துவது. இன்றைய வழக்கும் இதற்கே துணை நிற்கிறது. 1961, 1991 ஆகிய ஆண்டுகளின் அச்சு ஆங்கிலத் தரவுத் தொகுதிகளை ஒப்பிட்ட ஜெஃப்ரி லீச், 'மஸ்ட்' என்பதன் ஆட்சி குறைந்துள்ளதைக் காட்டியுள்ளார். 'மஸ்ட்' என்பதைப் பேசுவோர் தாமே விதிக்கும் கட்டாயத்திற்கும் ஊகத்திற்கும் உரியதாகப் பின்னர்க் கற்பிக்கலாம். 'மஸ்ட் நாட்' என்பதை அதன் எதிர்மறையாகக் கொள்ளாது, விலக்குணர்த்தும் தனிச்சொல்லாகவே 'ட்யூர்ஃபன்' பாடத்தில் சேர்க்கலாம்.

இம்முறையிலும் ஓர் இடர் உண்டு. 'ஹேவ் டு' எதிர்மறையில் 'டூ' என்னும் துணைவினையை வேண்டி நிற்பது. ஜெர்மனில் அத்தகைய துணை இல்லாமையால் 'ஐ ஹேவ் நாட் டு கோ' என மாணவர் கூறக்கூடும். ஆயினும் அது கேட்பவர் உடனே கண்டு திருத்தக்கூடிய வழு.